முகூர்த்த நேரத்தில் இருமக் கூடாது

வாத்தியார் பஞ்சபாத்திரத்தைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, தன் ஜோல்னாப் பைக்குள் கையை விட்டார். பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில் வந்தது. தீர்த்தம் கொடுக்கிற உத்தரணியில் அதை வழிய வழிய ஊற்றி, "கையை நீட்டுங்கோ" என்றார்.

நீட்டினேன். வலது உள்ளங்கையைக் குழித்து, இடது கையை அடியில் கொடுத்து, தீர்த்தம் வாங்குகிற அதே பணிவோடு. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கொழகொழவென்று, வெல்லப்பாகில் ஓமத்தைக் கரைத்த மாதிரி இருந்தது. பழக்க தோஷத்தில், கையில் ஒட்டியிருந்த மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன்.

"குரல் கட்டினா நான் இதான் சாப்பிடறது. இனிமே ஒரு இருமல் வராது பாருங்கோ" என்றார் வாத்தியார்.

வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எதுவுமே வரவில்லை. என் ஒரே மகள் அபியின் கல்யாணக் காலையில், எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிற கடைசிக் காட்சி அதுதான்.

நினைவுகளை எழுதுகிறேன் பேர்வழி என்று இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் எழுதப்போவது என் நினைவிலேயே இல்லாத ஒரு காலைப்பொழுதை. மனைவி சொன்னது, மைத்துனன் சொன்னது, கார் ஓட்டியவர் சொன்னது, வீடியோவில் பார்த்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். எங்காவது தையல் தெரிந்தால் மன்னிக்க வேண்டும்.

ஒரு வார இருமல்

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இருமல் பிடித்தது. கேம்ப் ரோடில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பத்திரிகை கொடுக்க சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று ஸ்கூட்டரில் அலைந்ததில், அத்தனை புழுதியும் என் தொண்டைக்குள் குடியேறிவிட்டது.

என் இருமல் லேசுப்பட்டதில்லை. ஆரம்பித்தால் ஒரு நிமிஷம் ஓடும். தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், எதிர் வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்கும்.

மற்ற நாளாக இருந்தால் இருமிவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் வழக்கப்படி, தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நெல் மூட்டையின் மேல் அப்பா, அப்பா மடியில் பெண், எதிரே தாலியோடு மாப்பிள்ளை. மொத்தமே இரண்டு நிமிஷம். பெண்ணைப் பெற்ற எங்கள் ஊர் அப்பாக்கள் எல்லோரும் அந்த இரண்டு நிமிஷத்தை மனதுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். நான் அபி எல்.கே.ஜி. போனதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி விஜி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"நீங்க இருமினா அவ ஆடுவா. அவ ஆடினா மாப்பிள்ளை கை ஆடும். முடிச்சு சரியா விழலைன்னா ஆயுசுக்கும் என் மனசு அடிச்சுக்கும். முகூர்த்தத்துல நீங்க இருமக் கூடாது. சொல்லிட்டேன்."

மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வறட்டு இருமலா சார், சளி இருமலா?"

"ரெண்டும்தான்."

"அப்போ இது" என்று சிவப்பாக ஒன்றைத் தட்டில் வைத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நானும் சொல்லவில்லை. கடலை மிட்டாய் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சிவப்பு, பச்சை, பழுப்பு

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபம். கல்யாணத்தன்று நாலரை மணிக்கு, காபிக்கும் முன்னால், விஜி இரண்டு மூடி சிவப்பு மருந்து கொடுத்தாள். மூடியில் ஒரு கோடு போட்டிருந்தது. கோடு யாருக்காக என்று தெரியவில்லை, மூடி நிறைய ஊற்றினாள்.

ஆறு மணிக்கு அவள் தம்பி சேகர் வந்தான். "அத்திம்பேர், சிரப்பெல்லாம் குழந்தைகளுக்கு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் இந்த ஜலதோஷ மாத்திரைதான். ரெண்டா போட்டுக்கோங்கோ." போட்டுக்கொண்டேன்.

ஏழு மணிக்கு, இட்லி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, சம்பந்தியே வந்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா. ஒரு கையில் பச்சை நிற பாட்டில், இன்னொரு கையில் அதன் மூடி.

"நீங்க இருமறது எங்க ரூம் வரைக்கும் கேக்கறது. எனக்கு மனசு கேக்கலை" என்றார்.

பெண்ணைக் கொடுக்கிற நாளில் சம்பந்தி தன் கையால் ஊற்றிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நாக்கு எழும்பும்? 'ஏற்கெனவே சாப்பிட்டாச்சு' என்று சொன்னால்கூட, 'எங்க மருந்து அவாளுக்குப் பிடிக்கலை' என்று ஒரு பேச்சு கிளம்பும். குடித்தேன். இரண்டோடு நிறுத்தப் போனேன். "சுப தினத்துல ரெட்டைப்படையா வேண்டாம்" என்று மூன்றாவது மூடியும் ஊற்றினார்.

இதற்கெல்லாம் மேலே நான் ஒருவன் இருக்கிறேனே. தாம்பூலப் பை ஒன்றில் சிவப்பு பாட்டிலை ஒளித்து வைத்திருந்தேன். தொண்டை கரகரத்த போதெல்லாம் தூண் மறைவில் போய், மூடியும் இல்லாமல், வாயில் கவிழ்த்து ஒரு மடக்கு. எத்தனை மடக்கு என்று எனக்குத் தெரியாது. கடைசியாக வாத்தியாரின் மூன்று உத்தரணி.

நிறம் வேறு, பெயர் வேறு, கம்பெனி வேறு. ஆகவே மருந்தும் வேறு என்றுதான் நான் நம்பினேன். வேறு வேறு மருந்து என்றால் ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று இருமலை அடித்து விரட்டும் என்று ஒரு கணக்கு.

எண்ணெய் ஊற்றிய கதை

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நான் மறைமலை நகரில், கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கிற பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். பேரைப் பார்த்து எதையும் உள்ளே விட மாட்டேன். பெட்டியைப் பிரித்து, அளந்து, பிறகுதான் கையெழுத்து.

அங்கே ஒரு பிரஸ் மெஷினுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒரு தடவை முதல் ஷிப்ட் ஆள் ஊற்றினார், மெஷின் மேல் உள்ள பாசத்தில் அடுத்த ஷிப்ட் ஆளும் ஊற்றினார், ஃபோர்மேனும் தன் பங்குக்கு ஊற்றினார். மெஷின் எண்ணெயைக் கக்கியது. அன்றிலிருந்து பக்கத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டோம். யார் ஊற்றினார், எப்போது, எவ்வளவு என்று எழுதாமல் யாரும் கேனைத் தொடக் கூடாது. அந்த சிலேட்டை மாட்டச் சொன்னவனே நான்தான்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எங்களோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருமல் மருந்தை பாட்டிலோடு கவிழ்த்துவிட்டுத் தாம்பரத்தில் ரயில் ஏறினார். இறங்க வேண்டிய இடம் சிங்கப்பெருமாள் கோவில். தூக்கத்தில் செங்கல்பட்டு போய், அதே வண்டியில் திரும்பி, கடற்கரை வரைக்கும் போய்விட்டார். மூன்று மாதம் அவரை 'வாங்க கடற்கரை' என்றுதான் கூப்பிட்டோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிரிப்பான அறிகுறிகள்

மண்டபத்துக்கு வருகிறேன்.

ஊஞ்சல் ஆடும்போது, ஊஞ்சல் போன பக்கமெல்லாம் நானும் சாய்ந்தேனாம். பந்தல் வாழைமரத்தைத் தட்டிக்கொடுத்து, "எப்ப வந்தேள்? டிபன் ஆச்சா?" என்று விசாரித்தேனாம். வீடியோவில் இருக்கிறது. மரம் பதில் சொல்லாததால் கோபித்துக்கொண்டு நகர்வதும் இருக்கிறது.

பார்த்தவர்கள் எல்லோரும் அன்பாகவே ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "பொண்ணைப் பிரியற துக்கம்." "நாலு நாளா தூக்கம் இல்லை, பாவம்." "சந்தோஷத்துல மனுஷனுக்கு ஒண்ணும் புரியலை." குடித்திருக்கிறேனோ என்றுகூட ஒருவர் மோந்து பார்த்தாராம். ஏலக்காய் வாசனைதான் வந்ததாம்.

ஒன்பதரை மணிக்கு என்னை நெல் மூட்டையில் உட்கார வைத்தார்கள். கூறைப்புடவையில் அபி என் மடியில் உட்கார்ந்தாள். நான் அவள் தோளில் தலையைச் சாய்த்தேன். முன் வரிசையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர், "சார், சூப்பர், அப்படியே இருங்க" என்றார்.

அப்படியேதான் இருந்தேன். என்னால் வேறு எப்படியும் இருக்க முடியவில்லை.

எழுந்து நின்ற கல்யாணப் பெண்

அபிதான் பிறகு சொன்னாள். அவள் முதுகில் என் நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொண்டிருந்ததாம். ஆனால் கழுத்தில் பட வேண்டிய என் மூச்சு மட்டும் எப்போதோ ஒரு தடவைதான் பட்டதாம். "அப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. என் கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறாள். கை அவள் மடியிலிருந்து வழுக்கித் தொங்கியது.

கெட்டிமேளத்துக்கு ஜாடை காட்ட வாத்தியார் விரலைத் தூக்கினார். அபி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, எழுந்து நின்றாள்.

தாலி கட்டுகிற நேரத்தில் பெண் எழுந்து நிற்பதை அந்த மண்டபம் பார்த்திருக்காது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். 'பொண்ணுக்கு இஷ்டமில்லையோ' என்று பின் வரிசையில் ஒரு குரல் கேட்கிறது, வீடியோவில்.

"அப்பா சரியா இல்லை. முதல்ல அவரைப் பாருங்கோ" என்றாள் அபி.

சேகர் ஓடி வந்தான். "அசதிதான் அபி. ஏசி ரூம்ல படுக்க வெச்சுடறோம். நன்னாத் தூங்கட்டும். நீ உக்காரு, நேரம் போறது."

"தூக்கம் இல்லை மாமா. எனக்குத் தெரியும். டாக்டர் யாராவது இருக்காளா பாருங்கோ."

மாப்பிள்ளை கார்த்திக் தாலியைத் தட்டில் வைத்துவிட்டு என் தலையைத் தாங்கிப் பிடித்தான். அவனுடைய சித்தி டாக்டர், கோவிலம்பாக்கத்தில் கிளினிக் வைத்திருப்பவர். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார், கன்னத்தில் பலமாகத் தட்டினார்.

நான் கண்ணைத் திறந்து கார்த்திக்கை ஏற இறங்கப் பார்த்தேனாம். "சைஸ் வரலை. ரிஜெக்ட். திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேனாம்.

சம்பந்தியின் முகம் போன போக்கை நான் எழுத வேண்டாம். கார்த்திக் மட்டும், "சரி மாமா, அப்புறம் பேசிக்கலாம்" என்று என் அக்குளில் கையைக் கொடுத்தான்.

"காலைலேர்ந்து என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார் டாக்டர் சித்தி.

"நான் ரெண்டு மூடி இருமல் மருந்து கொடுத்தேன்" என்றாள் விஜி. "நான் ரெண்டு மாத்திரை" என்றான் சேகர். சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான்... மூணு மூடி" என்றார். வாத்தியார் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "அடியேன் மூணு உத்தரணி" என்றார். யாரோ என் தாம்பூலப் பையை உதறினார்கள். பாதிக்கு மேல் காலியான என் பாட்டில் தேங்காய்களுக்கு நடுவே உருண்டது.

சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தார் டாக்டர்.

"பேர்தான் வேற வேற. உள்ள இருக்கறது அதே ரெண்டு மருந்து. ஒண்ணு இருமலை அடக்கறது, ஒண்ணு தூங்க வைக்கறது. எல்லாரும் அதையேதான் கொடுத்திருக்கேள். மாத்திரைல பிரஷரை ஏத்தறது வேற சேர்ந்திருக்கு. ஏசி ரூம்ல படுக்க வெச்சிருந்தா, தூங்கறார்னு கதவைச் சாத்திட்டு வந்திருப்பேள். மூச்சு நின்னிருந்தாக்கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வண்டி எங்க?"

பூ வைத்த கார்

வாசலில் தயாராக நின்ற ஒரே வண்டி, மாப்பிள்ளை பெண்ணுக்காக ரோஜாவும் சாமந்தியும் சுற்றி வைத்திருந்த கார். ஓட்டுநர் ஏழுமலை. அவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார்.

"பூ வெச்ச காருன்னு எல்லாம் வழி வுட்டான் சார். பஸ்ல கீற பொம்பளைங்கள்லாம் பொண்ண பாக்கலாம்னு எட்டி எட்டிப் பாக்குது. உள்ள நீ வாயத் தொறந்துகினு கீற! இன்னா சார் குடிச்சாருன்னு உன் மச்சானக் கேட்டேன். இருமல் மருந்துன்னாரு. அட போப்பா, அதுக்கா இம்மாம் பேஜாருன்னு கேட்டேன். அந்த டாக்டரம்மா முறைச்சுச்சு பாரு, அத்தோட நான் வாயத் தொறக்கல."

பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன், டிரிப்ஸ், நெஞ்சில் ஒயர்கள்.

மண்டபத்தில் அபி மணையில் உட்கார மறுத்துவிட்டாள். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரியற வரைக்கும் தாலி வேண்டாம்." முகூர்த்தம் பத்தரைக்கு முடிகிறது. பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கார்த்திக் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "காத்துண்டு இருக்கலாம். நேரம் போனா வேற நேரம் பாக்கலாம்" என்றானாம். என் மாப்பிள்ளை அதிகம் பேசாதவன். இதை விஜி எனக்கு இதுவரை இருபது தடவையாவது சொல்லியிருப்பாள், ஒவ்வொரு தடவையும் கண் கலங்கிவிடும்.

பத்தேகாலுக்கு டாக்டர் சித்தி போன் செய்தார். "நாடி வேகம் இறங்கிடுத்து, மூச்சு சீரா வரது. சாயங்காலம் வரைக்கும் மெஷின்ல வெச்சுப் பாக்கணும், நான் பக்கத்துலயே இருக்கேன். அபி, நீ கட்டிக்கோடி."

மடிக்கு யார்? சித்தப்பா முறை, பெரியப்பா முறை என்று நாலைந்து வேட்டிகள் முன்னால் வந்தன. அபி திரும்பி, "அம்மா, நீ உக்காரு" என்றாள். எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். மூன்று உத்தரணி ஊற்றிய மனிதர் அன்றைக்கு சாஸ்திரம் பேசுகிற நிலையில் இல்லை. "பேஷா உக்காரலாம்" என்றார். விஜி நெல் மூட்டையில் உட்கார்ந்தாள். அபி அவள் மடியில். கெட்டிமேளம் முழங்கியது.

இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் இருக்கிறது. யாருக்கு, என்ன மருந்து, எப்போது, யார் கொடுத்தது. சம்பந்தி வீட்டிலும் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக அது தண்ணீர் ஆகிவிடாது. பாட்டிலைத் திருப்பி, பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். எவ்வளவு என்று மூடியில் கோடு போட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டாதீர்கள். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைக்காரரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு முட்டாள் அப்பன் சொல்கிறேன்.

சாயங்காலம்

நாலு மணி சுமாருக்கு எனக்கு உலகம் திரும்பி வந்தது. முதலில் மேலே ஓடுகிற மின்விசிறி. பிறகு வாய் வறட்சி. பிறகு கட்டிலருகே மாலையும் கழுத்துமாக இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் விஜி, சேகர், டாக்டர் சித்தி.

"முகூர்த்தம் என்ன ஆறது? இங்க ஏன் நிக்கறேள்?" என்று பதறி எழுந்தேன்.

அபியின் கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் சரடு.

அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதேன். அத்தனை வருஷம் காத்திருந்த இரண்டு நிமிஷத்தை நானே என் கையால் குடித்துத் தீர்த்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

"நகரு" என்றாள் அபி.

"என்னடி?"

"காலை நேரா வெச்சுக்கோ அப்பா." சொல்லிக்கொண்டே கட்டிலில் ஏறி, டிரிப்ஸ் குழாயை ஒதுக்கிவிட்டு, ஒன்பது கஜப் புடவையோடு என் மடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் ஓடி வந்தார். "இன்னாம்மா இது! பேஷன்ட் மேல ஏறி உக்காந்துகினு! எறங்கு மொதல்ல!"

"ரெண்டு நிமிஷம் சிஸ்டர்" என்றான் கார்த்திக்.

நர்ஸ் அவனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், என் ஈர முகத்தைப் பார்த்தார். "ரெண்டே நிமிஷம்" என்று திரையை இழுத்துவிட்டுப் போனார்.

அபியின் தலையில் மல்லிகை வாடியிருந்தது. ஹோமப்புகை வாசனை இன்னும் போகவில்லை. நல்ல கனம் கனத்தாள். முழங்கால் வலித்தது. அத்தனையும் எனக்குத் தெரிந்தது.

அப்போது இருமல் வந்தது. ஒரு வாரத்து இருமல், காலையிலிருந்து அமுக்கி வைத்த இருமல், அத்தனையும் ஒன்றாக. தோள் குலுங்கியது, கட்டில் கிறீச்சிட்டது, மடியில் அபியும் சேர்ந்து ஆடினாள். சேகரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. டாக்டர் சித்தி ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பி வந்துவிட்டது.

ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை. விஜி தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். நான் இருமி முடிக்கும் வரைக்கும் அபி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இறங்காமல் இருந்தாள்.